துணைப்பாடமும் வரலாற்று நீதியும்

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர் தொடங்கிய பகிஷ்கரிப்பு 1969 மார்ச்சில் முடிவுற்றபோது, கறுப்பினக் கற்கைத்துறை அங்கு நிலைபெற்றது. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆபிரிக்கப் புலப்பெயர்வு துணைப்பாடமாகப் பயிலப்படுகின்றது. (விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டோரைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்பது சொல்லின் வறுமையே.) அத்திலாந்திக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் பேர். அவர்தம் உழைப்பின் இலாபம் பிரித்தானியக் கைத்தொழில் வளர்ச்சிக்கு உரமாயிற்று என எரிக் வில்லியம்ஸ் 1944இல் வாதிட்டார். அங்ஙனமாயின் எவர் வரலாறு முதன்மை, எவருடையது துணை? பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவத்தைப் போற்றும் மாணவன், 1794இல் ஒழித்த அடிமைமுறையை அதே பிரான்ஸ் 1802இல் மீட்டதையும், 1804இல் ஹெயிற்றி விடுதலை பெற்றதையும் அறியானாயின், குறையுடையது அவனது முதன்மைப்பாடமே. துணைப்பாடத்தை ஒழிப்பது இதற்குத் தீர்வன்று. பொதுவரலாற்றுள் அடங்கும் என விடப்பட்ட காலத்தில் பெரும்பாலான வகுப்பறைகளில் அது பேசப்படவேயில்லை.