யார் கை அமுக்கியது

ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் சில ராத்திரி தூக்கத்தில் "அமுக்கு... விடு, விடு" என்று முணுமுணுக்கிறேனாம். மகள் சொல்கிறாள்.

ஒரு அரசு ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு. ஒருநாள் நைட் டியூட்டியில் நாங்கள் இரண்டே பேர், குழந்தைகள் 28. இருந்த ஒரே வென்டிலேட்டரில் ஏற்கெனவே ஒரு குழந்தை. பதினொரு மணிக்கு வந்த பையன் பிறந்து இரண்டு நாள். டியூப் போட்டாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் விடிந்துதான் வரும் என்றார்கள். அதுவரை யாராவது மூச்சு கொடுக்கும் அம்பு பேகை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிஷத்துக்கு 40 தடவையாவது. டாக்டர் அமுக்கினார், லேபர் வார்டில் கூப்பிட்டார்கள், போனார். நான் அமுக்கினேன். மூலைக் கட்டிலில் இன்னொன்றுக்கு வலிப்பு வந்தது. பையைத் தகப்பன் கையில் கொடுத்தேன்.

அவர் தறி ஓட்டுகிறவர். ரொம்ப அழுத்தாதே, நெஞ்சு லேசாக எழும்பினால் போதும் என்று காட்டினேன். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர் இல்லையா, தாளம் சட்டென்று பிடிபட்டது. "எதுவரைக்கும் சிஸ்டர்?" என்றார். "நான் வர்ற வரைக்கும்ப்பா." விடிவதற்குள் மூன்றே தடவைதான் அவரிடம் திரும்பிப் போக முடிந்தது.

செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய விடாத நிலைமையில் நர்சுகள் படும் வேதனைக்கு, ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அமெரிக்கத் தத்துவக்காரர் 1984-ல் தன் புத்தகத்தில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அறத்துயரம் எனலாம். பெயர் கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு: பாவம் கையில் ஒட்டுமா, மனசிலா?

பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்று ஒன்று உண்டு. அதில் இதே வழக்கு. உடம்பால் செய்வதுதான் கனத்த வினை என்பது சமணர் கட்சி; மனசால் செய்வதுதான் என்கிறார் புத்தர். சமணருக்காக வாதாடப் போன உபாலியே புத்தர் பக்கம் சாய்ந்துவிடுகிறார். நானும் சாயத்தான் பார்த்தேன். துளி கெட்ட எண்ணம் இல்லை, அதனால் பாவமும் இல்லை. பகலில் இது தாங்கும். ராத்திரியானால் உடம்பு சமணர் கட்சிக்குப் போய்விடும்: பை கை மாறியது, மாற்றிவிட்டது இந்தக் கை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இரண்டாவது வென்டிலேட்டர் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்தை ஃபைலில் கட்டி வைத்தவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல மனுஷர், தீபாவளிக்கு வார்டுக்கே ஸ்வீட் கொண்டுவருவார். எல்லார் மனசும் சுத்தம். பை மட்டும் தறிக்காரர் கையில்.

ஆறேகாலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை உயிரோடுதான் போனது. அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தகப்பனுக்கு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தார். கேஸ் ஷீட்டை எழுதி முடித்தேன். இரவு முழுவதும் பை மூலம் மூச்சு கொடுக்கப்பட்டது என்று இங்கிலீஷில். யாரால் என்று எழுதவில்லை. கீழே என் கையெழுத்து.