கரி சேர்ந்த இரும்பு

மனம் தூய்மையாவதைப் பற்றிப் பேச வந்தால் நம் பேச்சு உடனே பொன்னிடம் போய் நிற்கும். தவத்துக்கு உவமை தேடிய வள்ளுவர் நெருப்பில் ஒளிரும் பொன்னை எடுத்தார். திருமூலர் உயிரின் மலத்தைச் செம்பில் ஏறிய களிம்பாகக் கண்டு, அதை அறுப்பவனாக இறைவனைப் பாடினார். இரண்டுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: இருக்கக் கூடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது, அது போய்விட்டால் மிச்சமெல்லாம் நல்லது. இந்த எண்ணம் ஏட்டோடு நிற்கவில்லை. கோபம் வந்தவர் தம்மையே அழுக்கென்று நொந்துகொள்வதும், ஆசை எழுந்தவர் அதை வேரோடு பிடுங்க நோன்பிருப்பதும், பிள்ளையின் பிடிவாதத்தை அடித்தே போக்கிவிடப் பெற்றோர் முயல்வதும் இதிலிருந்து பிறப்பவைதாம். ஆகவே எந்த உலோகத்தை வைத்து நம்மைப் பற்றி யோசிக்கிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல. கொல்லன் உலையில் கிடக்கும் இரும்பு வேறொரு விடை சொல்கிறது. மனித இயல்புக்கு அந்த விடையே நெருக்கமானது என்பது என் வாதம்.

எஃகு என்றால் என்ன என்ற கேள்விக்கு ஐரோப்பா ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பொன்னை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னது. இரும்பை உருக்கிக் கசடு நீக்க நீக்க எஃகாகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். நெருப்பில் பலமுறை குளித்து அழுக்கற்றுப்போன இரும்பே எஃகு என்ற நம்பிக்கை அப்படி வேரூன்றியது. 1722-இல் பிரான்சின் ரெயோமூர், எஃகில் ஏதோ கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று வாதிட்டார். ஆனால் அதைக் கந்தகமும் உப்பும் என்று நினைத்தார். 1781-இல் சுவீடனின் பெர்க்மன் இரும்பை அமிலத்தில் கரைத்து, அடியில் மிஞ்சிய கரிய பொடியை நிறுத்துப் பார்த்தார். 1786-இல் வாந்தெர்மோந்த், பெர்த்தொலே, மோன்ழ் என்ற மூவர் முடிவாகச் சொன்னார்கள்: இரும்போடு கரி சேர்ந்தால் எஃகு. தூய்மையின் சின்னமாக நினைத்திருந்த பொருள், உண்மையில் கலப்பின் பிள்ளை. சேலம் பக்கத்துக் கொல்லர்களின் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். தேனிரும்புத் துண்டுகளை மண் மூசையில் இட்டு, காய்ந்த ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் உடன் வைத்து, வாயை மண்ணால் பூசி அடைத்து உலையில் ஏற்றினார்கள். முதன்மையாக, இரும்புக்குக் கரி ஊட்டுவதற்கான ஏற்பாடு அது. ஊட்ஸ் என்று உலகம் கொண்டாடிய அந்த எஃகில், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி இருந்தது.

கரி கலவாத இரும்பு மிக மெத்தென்றது. அதில் அரிவாள் அடித்தால் நாலு கரும்பு வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிடும். பழைய லாரியின் வில்பட்டையைத் தேடி வாங்கிக் கொல்லர்கள் அரிவாள் அடிப்பது, அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றே கூடுதலாகக் கரி இருப்பதால்தான். அவ்வளவு சிறிய அளவு எப்படி இவ்வளவு செய்கிறது? இரும்பு செஞ்சூடேறி 727 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அதன் அணுக்களின் அடுக்கு மாறத் தொடங்குகிறது. புதிய அடுக்கின் இடைவெளிகளில் கரியணுக்கள் புகுந்து கரைந்துவிடுகின்றன. மெல்ல ஆறவிட்டால், அடுக்கு பழைய நிலைக்குத் திரும்பும்போது கரி தனக்கு இடமில்லாமல் விலகி, மெல்லிய தகடுகளில் ஒதுங்கிவிடும், வாய் கெட்டிப்படாது. சட்டென்று தண்ணீரில் தோய்த்தால் விலக நேரமிருக்காது. கரியணு இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ள, அதைச் சுற்றி அடுக்கு முழுவதும் விறைத்து இழுபட்டு நிற்கும். உலோகவியலார் மார்ட்டென்சைட் என்று அழைக்கும் இந்த நிலையில், எஃகின் கடினம் அந்த இழுபறியிலிருந்துதான் வருகிறது. பொருந்தாத ஒன்றைத் தன்னுள் தாங்கிக்கொண்டு நிற்பதே அதன் பலம்.

மனிதரிடம் வருவோம். ஔவையார் ஆத்திசூடியில் சினத்தைத் தணிக்கச் சொன்னார். பாரதி தம் புதிய ஆத்திசூடியில் அதைப் பயிலச் சொன்னார். இவை ஒன்றையொன்று மறுக்கும் கட்டளைகள் என்று தோன்றுவது, சினத்தை நாம் களிம்பாக மட்டுமே பார்ப்பதால். கண் முன்னால் ஒருவர் மிதிபடும்போது உள்ளே எதுவுமே எழாதவர் சாந்தமானவர் என்று பெயர் வாங்கலாம். ஆனால் அவரை நம்பி எதையும் வெட்ட முடியாது. பிறர் பசி கண்டு பொறுக்காத மனம், ஆசையற்ற மனம் அல்ல. தன் ஆசை முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பிய மனம். சைவ சித்தாந்தமும் களிம்பு உவமையோடு நின்றுவிடவில்லை. ஆணவ மலம் அநாதியானது, முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்பது மெய்கண்டார் வழிவந்தோர் கொள்கை. அழிதல் வேறு, அடங்குதல் வேறு என்று பிரித்துப் பார்த்த அந்த நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அடங்கிய மலம் வேலைக்கு உதவும் என்று சித்தாந்தி சொல்ல மாட்டார். சினம், ஆசை போன்றவற்றின் அளவில் நான் அங்கே அவரிடமிருந்து விலகுகிறேன்.

அப்படியானால் எந்தக் கெட்ட குணத்துக்கும் இது சாக்காகிவிடாதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரும்பில் சேர்வதெல்லாம் கரி அல்ல. கந்தகம் மிகுந்தால் செஞ்சூட்டில் அடிக்கும்போதே இரும்பு வெடிக்கும்; பாஸ்பரஸ் மிகுந்தால் ஆறிய பிறகு ஓர் அடியில் உடையும். கொடுமையும் வஞ்சகமும் பொறாமையும் அந்த இனம்; அவற்றை நீக்கத்தான் வேண்டும். கரிக்கே கூட அளவு உண்டு. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஏறினால் அது வார்ப்பிரும்பு. கை தவறி விழுந்த தோசைக்கல் இரண்டாக உடைவது அதனால்தான். அளவு சரியாக இருந்தாலும் போதாது. உளிக்குத் தோய்ச்சல் போடும் கொல்லரின் கையைக் கவனித்தால் இது தெரியும். செஞ்சூடேறிய உளியின் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்து, உடைந்த செங்கல்லில் அதைப் பரபரவென்று தேய்த்து வெளுப்பாக்குவார். உடம்பில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி நகரத் தொடங்கும். வெளுத்த பரப்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, அதன் பின்னால் நீலம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே ஏறக்குறைய எழுபது பாகைதான் வித்தியாசம். வேண்டிய நிறம் நுனியைத் தொட்ட கணத்தில் முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்துவார். உலைக்களம் இருட்டாக இருப்பதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல. வெயிலில் இரும்பின் செஞ்சூட்டு நிறம் சரியாகத் தெரியாது. முதல் தோய்ச்சலோடு விட்ட உளி அரத்துக்கும் மசியாது, ஆனால் கல்லில் ஓர் அடி பட்டால் கண்ணாடிபோல் சில்லு தெறிக்கும். நியாயமான கோபம்கூட இந்த இரண்டாம் இளஞ்சூடு பெறாவிட்டால் வீட்டாரின் மேலேயே சிதறுகிறது. சினத்தை ஒழிப்பதற்கும் அவிழ்த்து விடுவதற்கும் இப்படி நிறம் பார்த்துக் காத்திருக்கும் பொறுமை வேண்டியதில்லை, பயில்வதற்குத்தான் வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எஃகு கருவி, அதன் நன்மை வெட்டுவதில் இருக்கிறது. உயிர் கருவியாவதற்காகப் பிறக்கவில்லை. விடுதலை பெற்ற உயிருக்கு வெட்ட என்ன இருக்கிறது? பொன் எதற்கும் பயன்படாமலே ஒளிர்கிறது, அதனால்தான் ஞானிகள் பொன்னைத் தேர்ந்தார்கள் என்று சொல்லலாம். இதற்கு என் பதிலைச் சைவ மரபின் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். அப்பர் என்னும் திருநாவுக்கரசரை எந்தக் கோயிலில் பார்த்தாலும் அவர் தோளோடு ஓர் இரும்புக் கருவி சாய்ந்திருக்கும். அருள் பெற்ற பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லை உழவாரத்தால் செதுக்குவது. பெரியபுராணம் சொல்லும் அப்பர், பாடும்போது உருகிக் கண்ணீர் விட்டவர். அவரேதான் பல்லவ மன்னன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது வர முடியாது என்றார். சுண்ணாம்பு சுடும் நீற்றறையில் ஏழு நாள் பூட்டி வைத்தார்கள். அந்த நெருப்பு அவரிடமிருந்து அந்த மறுப்பை எடுத்துவிடவில்லை. வணங்காமை என்று அரண்மனை எதைக் குற்றமாகக் கண்டதோ, அது அவருக்குள் இருந்தபடியே இருந்தது. விடுதலை பெற்றவருக்குச் செதுக்கப் புல் இருந்தது, மறுத்துச் சொல்ல ஒரு சொல்லும் இருந்தது. கல்லிடுக்கில் வேரோடிய புல்லை நாளெல்லாம் செதுக்கினால் வெறும் இரும்பின் வாய் ஒரு பிராகாரம் முடிவதற்குள் மழுங்கிவிடும். அவர் கையிலிருந்த உழவாரத்துக்கு ஏதோ ஓர் ஊரில் ஒரு கொல்லர், இருட்டான களத்தில் நிறம் பார்த்து, தோய்ச்சல் போட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும்.