உயிரின் சார்பும் உற்றார் துணையும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் உயிரின் இயல்பை ஆராயப்புகுந்த நம் சித்தாந்த ஆசிரியர்கள், அது தனித்து நிற்குந் தன்மையுடையதன்று என்றும், எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் விளங்குவதே அதன் இயல்பாம் என்றும் துணிந்துரைத்தார்கள். செம்மலரை அடுத்த படிகம் செம்மையாகவும், நீலமலரை அடுத்த படிகம் நீலமாகவும் தோன்றுதல்போல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி இருளாகியும், சிவத்தைச் சார்ந்துழி ஒளியாகியும் நிற்கும் என்க. மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம், மலம் நீங்கப்பெற்ற சீவன்முத்தரும் மெய்யன்பர் கூட்டத்தை விடாது மேற்கொள்ளல் வேண்டும் என அறிவுறுத்துகின்றது. முத்தர்க்கே கூட்டம் வேண்டப்படுமாயின், மலவாற்றல் முற்றும் ஒடுங்கப்பெறாத நம்மனோர்க்கு அஃது இன்றியமையாதது என்று சொல்லவும் வேண்டுமோ?

இவ்வுண்மையை வீட்டுநெறி பற்றி விரித்துரைப்பார் பலர். நாள்தோறும் நாம் நடத்தும் வாழ்க்கைமேல் வைத்து ஆராய்வார் சிலரே. அயலான் ஒருவன் இடருற்றபோது யான் அவனுக்குத் துணையாகக் கடவேனோ? அவ்விடர் அவன் பிழையாலேயே வந்ததாயினும் கடவேனோ? இவ்விரு வினாக்களே ஈண்டு ஆராய்தற்பாலன.

நம் ஊர்களிலே துணை என்பது எத்துணை நுண்ணிய இழைகளால் நெய்யப்பட்டிருக்கின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். மகப்பேற்று வீட்டிற்கு முதலில் ஓடிவருபவள் அண்டை வீட்டு மூதாட்டி. நடவுக்காலத்தில் ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி உழைப்பர். அவர் வயலில் இவர் பின்னர்ச் சென்று உழைப்பர். இழவு வீட்டில் அடுப்பு எரியாதாகலின் உறவினரும் அயலாரும் சோறு சமைத்துக் கொணர்வர். மருத்துவமனையிற் கிடப்பானுக்கு இரவு முழுதும் விழித்திருக்க ஒருவர் வேண்டும். மணவீட்டு மொய் ஒன்றே ஏட்டில் எழுதப்படுவது; ஏனையவெல்லாம் எழுதப்படாமலே கொள்ளப்பட்டும் கொடுக்கப்பட்டும் வருவன. ஒருவன் வறியனோ செல்வனோ என்பதை அவன் கையிலுள்ள பொருளைக் கொண்டே அளக்கின்றோம். நள்ளிரவில் அவன் குரல் கொடுத்தால் எத்தனை கதவுகள் திறக்கும் என்பதும் ஓர் அளவையன்றோ?

இதனை மேனாட்டு ஆராய்ச்சியாளரும் தம் வழியிற் கண்டுள்ளார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா நாட்டு அலமீடா என்னும் பகுதியில் 1965-ஆம் ஆண்டில் வினவப்பெற்ற 6,928 பேரை ஒன்பதாண்டுகள் தொடர்ந்து நோக்கிய பெர்க்மன், சைம் என்னும் இருவர், தம் முடிவை 1979-இல் வெளியிட்டனர். சுற்றமும் நட்பும் மிகக் குறைந்தார், அவை நிறைந்தாரினும் இருமடங்குக்கு மேல் இறப்புக்கு ஆளாயினர் என்பது அதன் முடிபு. பின்னர் 2010-இல் 148 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து, மூன்று லட்சத்திற்கு மேற்பட்டோரின் செய்திகளை ஆராய்ந்தாரும், உறவு வலிமையுடையார் உயிர்தப்பும் வாய்ப்பு ஏனையோரினும் பாதியளவு மிகுதியாம் என்றனர். உடல்நூலார் எண்ணிக்கண்ட இதற்கு உயிர்நூலாகிய சித்தாந்தம் காரணங் கூறுகின்றது: சார்பின்றி நில்லாததை நிற்கச் சொன்னால் அது சாயாமல் யாது செய்யும்?

ஆயினும் சார்பென்னும் பெயரான் வழங்குவன எல்லாம் ஒரு தன்மையன அல்ல. கட்டுஞ் சார்பு, கெடுக்குஞ் சார்பு, எடுக்குஞ் சார்பு என அதனை மூவகைப்படுத்தலாம். இம்மூன்றையும் கள்ளக்குறிச்சி நாடு ஒன்றே நமக்குக் காட்டவல்லது.

முதலாவது, கட்டுஞ் சார்பு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அங்கே பிறந்து கீழ்நாட்டு வயல்களை ஊட்டுகின்றது. அம்மலையில் வாழ்வார் மலையாளிகள் எனப்படும் தமிழ்ப் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. அம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்பார் பெயரால் அமைந்த மூன்று சாகீர்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பதாண்டு கழிந்தபின், 1976-இல்தான் அம்மலையூர்கள் அரசின் நேர் ஆட்சிக்கு வந்தன. அதுகாறும் அக்குடிகள் சாகீர்தாரையே சார்ந்து வாழ்ந்து, கூலியில்லா வேலைக்கும் உட்பட்டிருந்தார்கள். அவர்க்கும் சார்பு இருந்தது. ஆயின் அச்சார்பு தளையாயிருந்தது. ஒருவன் தன்னைச் சார்ந்தானை என்றும் தன்கீழேயே வைத்திருக்க விரும்புவானாயின், அவன் தருவது கூழாயினும் கட்டும் கயிறேயாம்.

இரண்டாவது, கெடுக்குஞ் சார்பு. 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் அதன் சுற்றிலும் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலார் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர். பெண்களும் அவருட் சிலர். மெத்தனால் ஈரலிற் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் குருதியையும் கண்ணரம்பையும் தாக்குவது. குடித்தவுடனே அதன் கொடுமை தோன்றாது. பல மணி நேரம், சிலர்க்கு ஒருநாள் வரையும், உடல் நன்றாயிருப்பதுபோலக் காட்டிப் பின்னரே பார்வை மங்கும், மூச்சுத் திணறும். முறிமருந்தும் குருதி தூய்மை செய்தலும் காலத்தே கிடைப்பின் பலர் பிழைப்பர். ஆகவே, இன்னான் நேற்றிரவு குடித்தான் என்பதை அறிந்த ஒரு வாய், பிழைத்தலுக்கும் இறத்தலுக்கும் நடுவே நிற்கின்றது. அச்சமும் நாணமும் அவ்வாயை அடைத்துவிடின் மருத்துவன் என் செய்வான்?

இதனினும் நெஞ்சை வருத்துவது ஒன்றுண்டு. முன்னர் இறந்தார் இழவிற்குச் சென்றாருள்ளும் சிலர் அச்சாராயத்தையே குடித்தனர் என்று அந்நாளிற் செய்திகள் வெளிவந்தன. துயருற்றார்க்குத் தோள்கொடுக்கச் செல்லும் இழவுக்கூட்டம் நம் நாட்டுத் துணைகளுள் எல்லாம் தலையாயது. அத்துணையின் வழியே நஞ்சும் நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் பழுதுடையதன்று, அதில் ஓடியதே பழுது. உறவென்னும் வாய்க்கால் எதனையும் ஏந்திச் செல்லும். அன்பை ஓட்டினால் அன்பையும், நஞ்சை ஓட்டினால் நஞ்சையும் அது வீடுதோறும் கொண்டுசேர்க்கும்.

இனி, நம் அவையத்தாருள் எழுதற்குரிய தடைகள் மூன்றனை ஆராய்வாம்.

முதற்றடை வருமாறு: “குடித்தவன் தன் வினையைத் தான் நுகர்கின்றான். பிராரத்தம் நுகர்ந்தே கழியவேண்டும் என்பது சித்தாந்தமாகலின், இடையே புகுவது எற்றுக்கு?” எனின், கூறுதும். பிராரத்தம் துன்பத்தை மட்டுமன்றி அதன் நீக்கத்தையும் ஊட்டும். நோய் ஒருவனுக்கு வருதல் வினைப்பயனாயின், அந்நோய்க்கு மருந்தும் துணையும் வந்துபொருந்துதலும் வினைப்பயனேயன்றோ? பிறன் ஒருவனுடைய வினையின் அளவு இத்துணையென முதல்வன் ஒருவனே அறிவான், நாம் அறியோம். அறியாத நாம் அறிந்தோம்போல நின்று கைகட்டியிருப்பின், அவ்வன்கண்மை நமக்கு ஆகாமியமாய் ஏறும். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைப் பொறாமைக்குத் தடையாக எடுத்தாளுதற்கு உரியதன்று.

இதனை ஆளுடைய நம்பிகள் வரலாறு ஐயமற விளக்குகின்றது. நம்பியாரூரர் தோன்றிய திருநாவலூர் இற்றைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ளது. தெருவில் தேருருட்டி விளையாடிய அம்மகவைக் கண்ட நரசிங்கமுனையரையர், பெற்றோரிடம் நட்புரிமையால் வேண்டிப்பெற்று மகன்மை கொண்டு வளர்த்தார். அவர் பெற்ற முதற்றுணை அது. அணித்தேயுள்ள திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் ஆளோலை காட்டி அவரை அடிமை கொண்டான். அடிமையோலை கையிலிருந்தும், அவ்வடியாரைத் தனக்குத் தோழராக்கிக்கொண்டதே அவ்வாண்டவன் பெருமை. குண்டையூரிலே கிடந்த நெல்லைத் திருவாரூருக்குப் பூதகணங்களால் எடுப்பித்தான். பரவையார் ஊடல் தீர்க்க நள்ளிரவில் இருமுறை தெருவில் நடந்தான். நெல்லெடுத்தலும் தூது நடத்தலும் அன்றாட வாழ்க்கையின் சிறுபணிகள் அல்லவோ? அவற்றிற்கு அவன் நாணவில்லை. தன்னைச் சார்ந்தாரை என்றுங் கீழே வைத்த மண்ணுலகத் தலைவருக்கும், ஓலையுடையனாயிருந்தும் தோழமை தந்த விண்ணுலகத் தலைவனுக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். கட்டுஞ் சார்பை எடுக்குஞ் சார்பாக மாற்றுதல் என்பது இதுவே.

அந்நம்பிகள் சங்கிலியார்க்குச் செய்த சூளைப் பிழைத்துத் திருவொற்றியூர் எல்லை கடந்தபோது கண்ணிழந்தார். பிழை அவருடையது, ஒறுத்தவன் இறைவன். ஆயினும் திருவெண்பாக்கத்திலே அவ்விறைவனே அவர்க்கு ஊன்றுகோல் ஈந்தான். காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் அருளியது பின்னர். கண் மீளுங்காலம் வருமுன்னரே கோல் கைக்கு வந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. தன் பிழையால் கண்ணிழந்தானுக்கும் வழிநடக்கக் கோல் மறுக்கலாகாது என்பதை முதல்வனே செய்துகாட்டினான். அங்ஙனமிருப்ப, மெத்தனாலால் பார்வை கெட்டானையும், அவனை நம்பியிருந்த மனைவி மக்களையும் நோக்கி, “குடித்தவன் கெட்டான்” என்று ஒருசொல் வீசிவிட்டுப் போவது திருநாவலூரர் வழிவந்தோர் செயலாகுமோ?

இரண்டாந்தடை: “பாசம் அறுத்தலன்றோ நம் நெறி? உற்றார் உறவினர் என்று பிணைப்புக்களைப் பெருக்குதல் அதற்கு மாறன்றோ?” எனின், அன்று. உலகவழக்கில் தாயன்பையும் பாசம் என்பர். நூல்வழக்கிலே உயிரைப் பிணித்த தளையைப் பாசம் என்பர். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. ‘எனக்கு’ என்று தன்பால் இழுப்பது தளை. ‘அவர்க்கு’ என்று தன்னை நெகிழ்ப்பது அன்பு. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாய்ந்தபின் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி உளனாகவேண்டும் என்னும் ஒன்றுக்காகவே உயிர்தாங்கினார். அத்தம்பியார் வேற்றுச்சமயம் புகுந்தபோது அவர் திருவதிகையை அடைந்து, திருக்கோயிற் பணிசெய்து இறைவனிடம் முறையிட்டிருந்தார். சூலைநோயால் வாடி வந்து அடிவீழ்ந்தபோது, பழிச்சொல் ஒன்றும் கூறாமல் திருநீறளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். அவர் தம்பியைத் தம்மோடு கட்டவில்லை. தாம் நின்ற திருவடியோடு சேர்த்தார். எடுக்குஞ் சார்புக்கு இதனினும் சான்று வேண்டா.

மூன்றாந்தடை: “அடியார்க்குச் செய்வது சிவபுண்ணியம், ஏனையோர்க்குச் செய்வது பசுபுண்ணியம். அதனால் போகமன்றி ஞானம் விளையாதே” என்பது. இவ்வேறுபாடு மெய்யே. ஆயினும் அது பெறுவானைப் பொறுத்ததாக மட்டும் கொள்ளுதல் சாலாது. செய்வான் கருத்தையும் பொறுத்தது. புகழ் வேண்டியும், மீண்டும் வருமென எண்ணியும் இடுவது போகத்தில் முடியும். எவ்வுயிர்க்கும் உயிராய் உறையும் முதல்வன் பணியென உணர்ந்து, யான் எனது என்னும் செருக்கற்றுச் செய்வது அவன்பாலே சென்று சேரும். எவ்வுயிர்மாட்டும் அன்பில்லானுக்கு ஈசன்பாலும் அன்பில்லை என்னுங் கருத்து நம் சித்தியாரின் உள்ளக்கிடையேயாம்.

தடைகள் நீங்கினமையின், செயற்பாலது யாதெனச் சிறிது கூறி முடிப்பாம். கருணாபுரத் துயரின்பின் இறந்தோர் குடும்பங்கட்குத் தமிழ்நாட்டரசு பத்து லட்சம் ரூபாய் வழங்குவதாக அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த சிறார்க்கு 18 வயது வரை திங்கள்தோறும் 5,000 ரூபாயும் அறிவித்தது. உயர்நீதிமன்றம் அவ்வாண்டிலேயே கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இவை வேண்டுவனவே. ஆயினும் அரசு பொருள் தரலாம், மாலையில் பள்ளியினின்று திரும்பும் சிறுவனை, “இன்று என்ன படித்தாய், அப்பா?” என்று கேட்க அரசால் இயலுமோ? அதற்கு ஓர் அயலான் வேண்டும்.

திருக்கோயில்தோறும் வாரவழிபாட்டுக்குக் கூடும் அன்பர்கள், வழிபாடு முடிந்தபின் தம் தெருவில் இவ்வாரம் வாராதார் யார், நோயுற்றார் யார், குடியிற் சாய்வார் யார் என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்ளல் வேண்டும். இழவு வீட்டிற்குத் திருப்பதிகம் ஓதச் செல்வார், பதினாறாம் நாளோடு நிற்காது, எவரும் வாராத ஆறாந்திங்களிலும் சென்று வருதல் வேண்டும். உழைத்துக் களைத்தவன் மாலையில் சென்றிருக்க ஒரு திண்ணையும் பேச ஒரு துணையும் இல்லாத தெருவிலே சாராயக்காரன் தானே துணையாகின்றான். நல்ல சார்பு நீங்கிய இடத்தை உயிர் வெறுமையாக வைத்திராது. தீய சார்பால் நிரப்பிக்கொள்ளும். மலைக்குச் செல்வாரும் புரவலராகச் செல்லாது தோழராகச் செல்லுதல் வேண்டும். கொடுப்பது அவரைத் தம் காலில் நிறுத்துகின்றதா, நம் வாயிலில் நிறுத்துகின்றதா என்பதே நம் தொண்டிற்கு உரைகல்.

சைவ நன்மக்காள்! உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆவது என்று நாம் ஓதுகின்றோம். அங்ஙனமாயின் நம்மைச் சார்ந்து நிற்கும் உயிர்களும் நம் வண்ணத்தைப் பெற்றுக்கொண்டிருக்கின்றன என்பதே அதன் மறுபக்கம். யாரைச் சார்வது என்று ஆராய்தல் அறிவு; நம்மைச் சார்ந்தார் எவ்வண்ணம் பெறுவர் என்று அஞ்சுதல் அறம். அவ்வச்சமும், பிழைத்தார்க்கும் கோலீந்த பெருமானை மறவாத அன்பும், நமக்குக் கைகூடுவனவாகுக.

திருச்சிற்றம்பலம்.