தாய்தந்தையர்க்குப் பொருள் வாங்கிக் கொடுத்தல்

மக்கள் தம் உழைப்பால் ஈட்டிய பொருள்கொண்டு, தம்மைப் பெற்ற தாய்க்கேனும் தந்தைக்கேனும் ஒரு நல்ல பொருளை வாங்கிக் கொடுக்கும்போது எய்தும் இன்பம் பெரிது. முதற் சம்பளம் பெற்ற இளைஞன் ஒருவன் வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள உடுபுடவைக் கடையிலே தாய்க்கென ஒரு சேலையை விரித்துப் பார்ப்பதையும், செட்டியார் தெரு நகைக்கடையிலே ஒரு மகள் தன் தாயின் வெறுங்கைக்கு ஏற்ற காப்பைத் தேர்வதையும் கண்டோர், அவ்வின்பத்தை அவர் முகத்திலேயே அறிவர். தனக்கென வாங்கும்போது விலையை இருமுறை கேட்பவன், தாய்க்கென வாங்கும்போது ஒருமுறையே கேட்கின்றான். இவ்வின்பம் எதனின்று பிறக்கின்றது? இஃது அறத்தின்பாற்பட்டதோ, அன்றிச் செருக்கின்பாற்பட்டதோ? மாணாக்கர்க்கு நல்லொழுக்கம் கற்பிக்கும் நாம் இதனை ஆராய்தல் தகும்.

பட்ட கடனைத் தீர்த்தலால் வரும் இன்பமே இஃது என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? கடன் அளவுடையது, கொடுத்தவனும் கொண்டவனும் அதன் தொகையை அறிவர். தாய் பத்துத் திங்கள் சுமந்ததற்கும், நோயிலே கண்விழித்துக் காத்ததற்கும், தந்தை தன் வேட்டி கிழிந்திருக்க மகனுக்குப் பள்ளிச் சட்டை தைப்பித்ததற்கும் தொகை எழுதிய கணக்கு எங்குமில்லை. அன்றியும், கடன் தீர்த்தவன் நெஞ்சில் எழுவது சுமை நீங்கியது என்னும் ஆறுதல். தாய்க்குச் சேலை கொடுத்தவன் நெஞ்சில் எழுவதோ இன்னுமொன்று கொடுக்கவேண்டும் என்னும் வேட்கை. ஆகலின் இவ்விரண்டும் வேறென்க.

இனி, செருக்கே என்பார் கூற்று முற்றும் பொய்யன்று. அயலார் கேட்ப விலையைச் சொல்லிக் கொடுப்போர் உளர். கண் மங்கிப் பத்திரிகை வாசிக்க இயலாத தந்தைக்கு வேண்டுவது ஒரு மூக்குக்கண்ணாடி. மகன் கொணர்வதோ சுவரை மறைக்கும் தொலைக்காட்சிப் பெட்டி. அங்கே மகன் தன் பெருமையைக் கண்டான், தந்தையைக் கண்டிலன்.

அங்ஙனமாயின் உண்மையான இன்பம் எங்குளது? பெற்றோரைக் காண்டலில் உளது. இளமையிலே அவரை நாம் கொடுக்குங் கைகளாகவே அறிந்தோம். அவர்க்கும் விருப்பென்றும் வெறுப்பென்றும் ஒன்றுண்டென நாம் நினைத்ததில்லை. அம்மை எந்த நிறத்தை விரும்புவார், ஐயா எதனை வேண்டியும் வாய்திறந்து கேளாதிருந்தார் என்று கடை வாயிலில் நின்று எண்ணும்போதே, பல்லாண்டு உடன் வாழ்ந்த இருவரைப் புதிதாய் அறியத் தொடங்குகின்றோம். அவ்வறிவே அன்பு, அவ்வன்பின் சுவையே அவ்வின்பம்.

இங்ஙனம் பெற்றோர் உள்ளத்தை நோக்குவோர் அங்கே காண்பது யாது? கி. மு. 4 ஆம் நூற்றாண்டிற் சீனதேசத்தில் வாழ்ந்த மென்சியஸ் என்னும் அறிஞர் இதனை விளக்க ஒரு குடும்பத்தை எடுத்துக் காட்டினர். கன்பூசியஸின் மாணாக்கராகிய செங்சு என்பவர், தம் தந்தையார் உண்டபின், எஞ்சிய உணவை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவரையே வினவுவார். மீதி உண்டோ எனத் தந்தையார் கேட்பின், உண்டு என்றே விடை சொல்வார். செங்சு முதுமையடைந்தபின் அவருக்கு உணவளித்த மகனோ அங்ஙனம் வினவுவதில்லை. மீதி உண்டோ எனின் இல்லை என்பான், அதனை மறுவேளைக்கும் அவருக்கே படைத்தற்பொருட்டு. பின்னவன் உடலை ஓம்பினான். முன்னவரே உள்ளத்தை ஓம்பினார் என்பது மென்சியஸின் துணிபு.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது, தந்தை விரும்பியது உண்பதனை மட்டுமன்று, பிறர்க்கு வழங்குவதனையும் என்பதே. வாழ்நாள் முழுதும் கொடுத்துப் பழகிய கைகள், முதுமையிலே வாங்கும் கைகளாக மட்டும் இருக்க நாணுகின்றன. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னும் அதனைத் தொடர்ந்த போர்க்காலத்தும் மக்கள் கனடா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய தேசங்களிற் குடியேறினர். பெற்றோர் பலர் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளிலே தனித்துறைகின்றனர். பிள்ளைகள் அனுப்பும் பொருளுக்கு அங்கே குறைவில்லை. தாயார் தமக்கு வந்த சேலையை வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார் எனக் கேட்டு, “உங்களுக்கென்று அனுப்பியதை ஏன் கொடுத்தீர்கள், அம்மா?” என்று தொலைபேசியிற் கடிந்துகொள்ளும் மகனும் உளன். அவன் வருந்தற்க. சேலையோடு, கொடுக்கும் இன்பத்தையும் அவன் தன் தாயாருக்கு மீட்டுக் கொடுத்தானல்லனோ? இறைவனுக்கு நாம் படைப்பன அவன் தந்தனவே. அவற்றையும் பிரசாதமாக மீளப் பெறுகின்றோம். அம்மையப்பர் இயல்பு அதுவாயின், அம்மை இயல்பும் அப்பர் இயல்பும் வேறாகுமோ?

இதற்கு நம் கொழும்பு நகரிலேயே கல்லிற் சமைந்த ஒரு சான்றுண்டு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே 1857 இற் பொன்னம்பல முதலியார் ஒரு சிவாலயம் அமைத்தார். அவர் 1887 இற் சிவபதமடைந்தார். அவர் புதல்வர் சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவ்வாலயத்தை 1907 தொடங்கி 1912 வரை முற்றும் கருங்கல்லாற் புதுக்குவித்தார். அதுவே இன்று நாம் வழிபடும் ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரம். தந்தையார்க்கு ஒரு சிலை நாட்டியிருப்பின் அவர் உருவம் நின்றிருக்கும். அவர் ஊருக்குக் கொடுத்ததனையே புதுக்கிக் கொடுத்தமையால், மறைந்து இருபது ஆண்டு கழிந்தபின்னும் தந்தையார் கொடுப்பவராகவே நின்றார்.

எனினும் திருப்பணி உயிரோடிருக்கும் பெற்றோரைப் பேணாமைக்குச் சாட்டாகாது. யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்திலே, பெற்றோர்க்கு உதவவேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அஃதாவது கடவுளுக்குரியது, என்று சொல்லித் தப்பிக்கொள்வோரை இயேசுநாதர் கண்டித்தமை கூறப்பட்டுள்ளது. எச்சமயத்தார் சொல்லினும் உண்மை உண்மையே.

ஆசிரியர்காள்! கையிற் காசில்லாத மாணாக்கன் இவ்வின்பத்துக்கு உரியனல்லன் என்று எண்ணற்க. தைப்பொங்கலுக்கு முன் ஒருநாள், “உங்கள் தாயார்க்கு மிக விருப்பமானது யாது? தந்தையார் பிறர்க்கென விட்டுக்கொடுத்தது யாது?” என்னும் இரு வினாக்களை வகுப்பிலே கொடுத்து விடை எழுதுவியுங்கள். பலர் எழுத இயலாது விழிப்பர். வீடு சென்று கேட்பர். தாயார் சொல்லத் தொடங்குவார்; பிள்ளை இருந்து கேட்கும். அங்ஙனம் கேட்டறிந்த பிள்ளை, பின்னாளிற் சம்பளம் பெற்றுக் கடை வாயிலில் நிற்கும்போது, எதை வாங்குவது என்று மயங்கமாட்டான்.