உலாவும் ஆற்றுப்படையும்: ஒருநாட் சுற்றுலாவின் அறம் பற்றிய ஒரு சிந்தனை

பிறர் பொருளைக் கவர்தல் குற்றம் என்பதையும் பிறரை வருத்துதல் குற்றம் என்பதையும் எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், பிறரையும் பிறர் வாழும் இடத்தையும் வெறுமனே பார்த்தல் குற்றமாகுமா? பார்வை எதனையும் எடுத்துச் செல்வதில்லை. பார்க்கப்பட்ட கடல் அங்கேயே கிடக்கின்றது. பார்க்கப்பட்ட மனிதர் தம் தொழிலைத் தொடர்கின்றனர். ஆதலால் பார்த்தல் என்பது அறத்தின் விசாரணைக்கு அப்பாற்பட்ட செயல் என்றே நாம் பொதுவாகக் கருதுகின்றோம். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதை, ஒருநாட் சுற்றுலா என்னும் சிறிய நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாக அமைகின்றது.

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர் பாலாவியில் இடப்புறமாகத் திரும்பிக் கற்பிட்டிக் குடாநாட்டினுள் நுழைகின்றார். ஒரு புறம் இந்து சமுத்திரம். மறுபுறம் புத்தளம் களப்பு. வழியில், 2011 தொடக்கம் 2014 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் நுரைச்சோலையில் நிற்கின்றது. தலவிலில் புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கின்றது. குடாநாட்டின் வடபகுதியில், ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை உள்ளது. நவம்பர் முதல் ஏப்பிரல் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் உல்லாசப் பயணிகள் இங்கு வருகின்றனர். காலையில் படகேறி டொல்பின்களைக் காண்பர், பின்னர் கோட்டை, நண்பகலில் கடலுணவு, மாலையில் களப்பின் கண்டற் காடு, இறுதியிற் சூரியன் மறையும் காட்சி. வழிகாட்டி ஒருவர் இவற்றை நிரல்படக் காட்டுகின்றார். இருள் சூழ்வதற்குள் யாவும் முடிந்துவிடும்.

சுற்றுலா என்னும் சொல்லை ஈண்டுச் சற்று நோக்குதல் தகும். அதன் பிற்பகுதியாகிய உலா, தமிழிலே ஓர் இலக்கிய வகையின் பெயர். உலா நூல்களில் வீதியிற் செல்பவன் அரசன் அல்லது இறைவன். அவனைக் காண்போர் வீதியின் இரு மருங்கும் நிற்கும் மகளிர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவத்தினர். அதாவது, உலாவிலே செல்பவன் காணப்படுகின்றான், நிற்பவர் காண்கின்றனர். இன்றைய சுற்றுலாவில் இம்முறை தலைகீழாக மாறிவிட்டது. செல்பவர் காண்கின்றார், அவ்விடத்தில் வாழ்பவர் காட்சிப் பொருளாகின்றனர். தாமும் காணப்படுகின்றோம் என்ற உணர்வே செல்பவருக்கு இல்லாமற் போகின்றது.

வழிகாட்டுதலுக்கும் நம் இலக்கியத்தில் ஒரு தனி வகை உண்டு. பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படை நூல்களாகும். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழி கூறுவது பொதுவாக அவற்றின் அமைப்பு. அங்கு வழிகாட்டுபவன் விற்பவன் அல்லன். தான் நடந்த வழியை மற்றவனுடன் பகிர்ந்துகொள்பவன். வழியில் வாழும் மக்கள் காட்சிப் பொருளும் அல்லர், விருந்தோம்புவோர் ஆவர். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நெய்தல் நில மக்கள் பாணனுக்குக் கள்ளும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிப்பதாகக் கூறப்படுகின்றது. அதே நெய்தல் நிலத்திற்குத்தான் நாமும் செல்கின்றோம். அதே மீனைத்தான் உண்கின்றோம். ஆனால், பணத்தைக் கொடுத்தவுடன் கணக்குத் தீர்ந்துவிட்டது என எண்ணுகின்றோம். கணக்கு உண்மையிலே தீர்ந்துவிடுகின்றதா என்பதே நம்முன் உள்ள வினா.

இக்கரையோரத்துக்கு வந்த புகழ்பெற்ற அயலவருள் ஒருவர் இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் இக்கரையை அடைந்தது. அவர் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடும் ஊர் புத்தளமே என்பர் ஆய்வாளர். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, தம்மிடமிருந்த முத்துக்களைக் காட்டினார். பதூதா வேண்டியது ஒன்றுதான்: மலை மீதுள்ள பாதச் சுவட்டைத் தரிசிக்க வழி. அரசர் பல்லக்கொன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வரையும் அந்தணர் மூவரையும் வேறு துணைவரையும் உடன் அனுப்பினார். இங்கு இரு செய்திகள் கவனத்திற்குரியன. வந்தவர் தாம் வந்த நோக்கத்தைச் சொல்லி இசைவு பெற்றுச் சென்றார். அவருக்கு வழிகாட்டிய யோகியரும் அதே மலையைத் தொழச் செல்பவர்களே. முஸ்லிம் பயணியும் சைவ அரசரும் யோகியரும் அந்தணரும் ஒரு வழியில் இணைந்தமை, வழிகாட்டுதல் வெறும் வாணிகமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகும்.

அயலார் நிலத்துக்குச் செல்பவரின் உரிமை யாது என்பதை ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட், நிலையான சமாதானம் பற்றி 1795இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பூமி உருண்டையாகையால் மனிதர் எல்லையின்றிச் சிதறிப்போக இயலாது. ஒருவரையொருவர் சந்தித்தே ஆகவேண்டும். எனவே பகைவராக நடத்தப்படாது பிற நாட்டுக்குச் சென்று வரும் உரிமை யாவர்க்கும் உண்டு. ஆனால், அது வருகை தரும் உரிமை மாத்திரமே. விருந்தினராகத் தங்கும் உரிமையன்று என அவர் வரையறுத்தார். வருகை தருதலை வென்று கைப்பற்றுதலாக மாற்றிக்கொண்ட ஐரோப்பிய அரசுகளை அவர் அந்நூலிலேயே கண்டித்துள்ளார். கற்பிட்டிக் கோட்டை அக்கண்டனத்துக்குக் கல்லாலான சான்று. கண்டியரசின் வெளிவாணிகத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க ஒல்லாந்தர் அதனைக் கட்டினர். கான்டின் நூல் வெளிவந்த அதே 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று நாம் அதன் வாயிலில் நின்று படம் பிடித்துக்கொள்கின்றோம். வருகையாளர் உரிமையாளர் ஆகிவிடும் ஆபத்து கோட்டைகளின் காலத்தோடு முடிந்துவிட்டதெனக் கூற முடியாது. குடாநாட்டை அடுத்துள்ள 14 தீவுகளை உல்லாசப் பயண வலயமாக்கும் திட்டம் இந்நூற்றாண்டில் முன்வைக்கப்பட்டபோது, தம் வாடிகளையும் கரைகளையும் இழக்க நேரிடும் என அஞ்சிய மீனவர் அதனை எதிர்த்தமை நாம் அறிந்ததே.

அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும் இவ்வுண்மை தனிமனிதருக்கும் பொருந்துமா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதத்தில் நண்பர் சிலருடன் கற்பிட்டி சென்றபோது இக்கட்டுரையாளருக்கு ஏற்பட்ட அனுபவத்தை இங்குக் கூறுதல் பொருத்தமாகும்.

கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் சென்ற பின் டொல்பின் கூட்டம் தென்பட்டது. உடலைச் சுழற்றியவாறு நீரை விட்டு எழும் இனம் அது. படகோட்டி சற்றுத் தொலைவில் இயந்திரத்தை நிறுத்தினார். “இதுக்கு மேல கிட்டப் போனா அதுகள் ஒதுங்கிடும் தம்பி” என்றார். வேறு படகுகள் நெருங்கிச் செல்வதைக் கண்ட எங்களுள் ஒருவர், இவ்வளவு பணம் கொடுத்தது தூரத்தில் நின்று பார்ப்பதற்கா எனக் கேட்டார். எஞ்சியோர் மறுத்துப் பேசவில்லை, இக்கட்டுரையாளரும் மறுக்கவில்லை. படகோட்டி எங்களை ஒருமுறை நோக்கினார். பின் இயந்திரத்தை இயக்கினார். ஐந்தாறு படகுகள் சூழ்ந்தன. சிறிது நேரத்தில் நீர்ப்பரப்பு வெறிதாயிற்று.

இவ்வினத்து டொல்பின்கள் இரவில் ஆழ்நீரில் இரை தேடிப் பகலில் இளைப்பாறும் இயல்புடையன. அவ்வோய்வு கெடுவது அவற்றின் நலனைத் தாக்கும் என்பதனாலேயே, ஹவாய்த் தீவுகளின் கரையோரக் கடலில் அவற்றை 50 யாருக்குக் குறைந்த தூரத்தில் அணுகுவதை ஐக்கிய அமெரிக்கா 2021இல் தடைசெய்தது. இலங்கையிலும் கடற் பாலூட்டிகளைப் பார்வையிடுவது தொடர்பான ஒழுங்குவிதிகள் 2012இல் ஆக்கப்பட்டன. ஆகவே, பார்வை எதனையும் எடுத்துச் செல்வதில்லை என்ற நம் தொடக்க எண்ணம் இங்கேயே தகர்ந்துவிடுகின்றது. நாங்கள் அவ்வுயிர்களின் ஓய்வை எடுத்துச் சென்றோம். அதற்கும் மேலாக, தம் தொழில் அறிவின்படி நடந்த ஒரு மனிதரை, அவ்வறிவுக்கு மாறாக நடக்கச் செய்தோம். வாழ்க்கைத் தேவையால் அவர் இணங்கினார் என்பது எங்கள் பிழையைக் குறைக்காது.

திரும்பும் வழியில், பேச்சுக்காக, “நானா, உங்கட சொந்த ஊர் இதுதானா?” எனக் கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. சற்று நேரங்கழித்து, வடக்கே கையைக் காட்டி, “எருக்கலம்பிட்டி. இந்தக் கடலாலதான் வந்த நாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

1990 ஒக்டோபர் மாத இறுதியில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் யாவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் வீடுகளையும் உடைமைகளையும் இழந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு இரண்டு மணிநேரமே அவகாசம் வழங்கப்பட்டது. மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகுகளிற் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். நாங்கள் அன்று காலை களிப்போடு சென்ற கடல், அவர்கள் வந்த கடலே. வடபுலத்துத் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த இக்கட்டுரையாளர் இச்செய்தியை நூல்களிற் படித்திருந்தார். ஆயினும் கற்பிட்டிக்குப் புறப்பட்டபோது அது நினைவில் எழவில்லை. கடல் நினைவில் இருந்தது. டொல்பின் நினைவில் இருந்தது. அங்கு வாழும் மனிதர் எப்படி அங்கு வந்தனர் என்பது நினைவில் இருக்கவில்லை.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. கேளாதிருந்தால் அறியாமை, கேட்டால் அத்துமீறல். ஒருவருடைய துயரத்தையும் அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு காட்சியாகச் சேர்த்துக்கொள்வது, டொல்பினை நெருங்கத் துரத்தியதைவிடக் கொடியதாகலாம். வழிகாட்டிக்குக் காட்டும் கடமை உண்டு. தம்மையே காட்டும் கடமை இல்லை. அவருடைய மௌனம் அவருக்கு உரியது. அப்படியாயின் வருகையாளர் செய்யக்கூடியது யாது?

இவ்வளவு தயக்கம் எதற்கு, உல்லாசப் பயணம் பலருக்கு வாழ்வளிக்கும் தொழில்தானே எனச் சிலர் வினவலாம். அது உண்மையே. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும் 2020இன் கொள்ளைநோய்க் காலத்திலும் பயணிகள் வராதொழிந்தபோது இத்தொழிலை நம்பியிருந்தோர் பட்ட இன்னல் சிறிதன்று. எனவே செல்லாதிருத்தல் விடையாகாது. ஆனால், ஊதியம் உழைப்புக்கு ஈடாகுமேயன்றி மதிப்புக்கு ஈடாகாது. படகுக்குக் கூலி கொடுத்தோம். படகோட்டியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. தீராத கணக்கு அதுவே.

இக்கட்டுரையாளர் கருதும் விடை இதுவாகும். ஓரிடத்தைப் பற்றிப் பொதுவில் அறியக் கிடப்பனவற்றைச் செல்வதற்கு முன்னரே அறிந்துகொள்வது வருகையாளரின் கடமை. நூலிற் கற்க வேண்டியதை ஒரு மனிதரின் காயத்திலிருந்து கற்க முற்படுதல் முறையன்று. அதிலும், நம் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியை நாம் அறிந்து வைத்திருத்தல் இரட்டைக் கடமையாகும். அதனைச் செய்தவர் நாமல்லர். ஆகையால் குற்றம் நம்முடையதன்று. ஆனால் தமிழரின் பெயரால் அது செய்யப்பட்டது. ஆகையால் அதனை மறவாதிருக்கும் பொறுப்பு நம்முடையது. இவ்வாறு அறிந்து சென்ற பின், கேட்கப்படாத இடத்தில் மௌனமாக இருக்கலாம். அவர் பேச விரும்பினால் செவிசாய்க்கலாம். அத்துடன், காண இயலாதவற்றைக் காணாது திரும்பும் மனப்பக்குவமும் வேண்டும். தொலைவில் நின்று கண்ட டொல்பின், காணப்பட்ட டொல்பினே. ஒரு நாளில் ஓரூரைக் காண்பது பிழையன்று. கண்டது ஒரு பகுதியே என்பதை மறப்பதுதான் பிழை.

உலாவில் வீதியிற் செல்பவன் காணப்படுகின்றான் என மேலே கூறினோம். சுற்றுலாவிலும் உண்மை அதுவே. நாம்தான் அதனை மறந்துவிட்டோம். இயந்திரத்தை மீண்டும் இயக்குமுன் அப்படகோட்டி எங்களை ஒருமுறை நோக்கினார் அல்லவா? நாங்கள் அன்று கண்ட காட்சிகள் பல மங்கிவிட்டன. ஆனால், அவர் எங்களிடம் கண்டது யாது என்னும் கேள்வி இன்றும் மங்கவில்லை. படகிலிருந்து இறங்கும்போது அவர் கைகொடுத்து உதவினார். கூலியைக் கொடுத்தோம். “போய்ட்டு வாங்க” என்றார். மீண்டும் வருக என அழைக்கும் அச்சொல்லுக்குத் தகுதியுடையோராய் ஒரு நாள் செல்லவேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் அவா.