கஞ்சாவும் கருவூலமும்



சென்ற பௌர்ணமியன்று நமது கூட்டம் முடிந்து, அன்பர்கள் பஞ்சசீலம் ஓதிக் கலைந்துகொண்டிருந்த வேளையில், இளைஞன் ஒருவன் நம்மிடம் தனித்து வந்து நின்றான். நம்முடன் ஒரே நூற்பாலையில் உழைத்த தோழர் ஒருவரின் மகன் அவன். மூன்றாண்டுகளுக்கு முன் சட்டைப்பையில் சிறு கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டான். ஜாமீன் நிற்க ஆளின்றிச் சில வாரங்கள் சிறையில் இருந்தான். வழக்கறிஞருக்குக் கொடுக்க அவன் தாய் தன் தையல் இயந்திரத்தை விற்றாள். அந்த இயந்திரமே அவ்வீட்டின் பாதி வருமானம். அவன் கேட்டதாவது:

"ஐயா, கஞ்சாவை அரசாங்கமே அனுமதித்து, வரி போட்டு விற்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். நாளைக்கு அப்படி ஒரு கடை திறந்தால், நான் செய்த குற்றம் எங்கே போகும்? அன்றைக்கு அது பாவம், நாளைக்கு அது வருமானமா?"

அன்று நாம் அவனுக்கு விடை கூறவில்லை. விடை நம்மிடம் இல்லாமையே காரணம். இத்தனை நாள் எண்ணியும், கற்றாரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெளிந்தவற்றை இங்கு எழுதுகிறோம். நாம் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். பிழையிருப்பின் அன்பர்கள் திருத்துக.

முதலாவது, சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிதல் வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும் தடுக்கிறது. பூ முனையே கஞ்சா, பிசினே சரஸ். பூ முனையோடு சேராத இலையையும் விதையையும் அச்சட்டம் தன் வரம்புக்குள் கொள்ளவில்லை. ஆகவே, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் நடைபெறுகின்றன. ஒரே செடி; அதன் இலை உரிமம் பெறுகிறது, அதன் பூ விலங்கு பெறுகிறது. ஒரு கிலோ வரையுள்ள கஞ்சா சிறிய அளவு. அதற்கே ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். இருபது கிலோவுக்கு மேற்பட்டது வாணிப அளவு. அதற்குப் பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை. நம் இளைஞன் கையிலிருந்தது ஒரு பிடிக்கும் குறைவு.

இரண்டாவது, அரசு இதற்கு வரி கொள்வது புதிய யோசனை என்று எண்ணுவோர் வரலாற்றை அறியார். ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்தின் நவகாவ் வட்டாரத்திலும் மத்திய மாகாணத்தின் காண்டுவா வட்டாரத்திலும் அரசின் மேற்பார்வையிலேயே கஞ்சா பயிராயிற்று. உரிமக் கடைகளில் விலைபோன அதற்குத் தீர்வை கருவூலம் சேர்ந்தது. 1893இல் இலண்டன் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் பேரில் விசாரணைக் குழு ஒன்று அமைந்து, 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் அறிக்கை தந்தது. பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளையும் அக்குழு ஆராய்ந்து, கஞ்சாவால் பைத்தியம் என்று எழுதப்பட்டவற்றுள் பல ஆதாரமின்றி எழுதப்பட்டவை என்று கண்டது. மிதமான பழக்கத்தால் பெருந்தீங்கில்லை, மிகையான பழக்கமே தீங்கு, முழுத் தடை வேண்டியதில்லை, உரிமமும் தீர்வையும் கொண்டு அடக்குவதே தக்கது என்பது அதன் முடிவு. அக்குழுவிலிருந்த இந்தியர்களுள் இருவர் இதற்கு மாறான குறிப்பு எழுதினர். ஆகவே இன்று நாம் விவாதிப்பதை நம் பாட்டன்மார் காலத்திலேயே விவாதித்து, வழக்காகவும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இனி, அனுமதிக்க வேண்டும் என்போர் கூற்றை நேர்மையாகக் கேட்போம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஓராண்டுக்குள் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கொண்டோர் இந்நாட்டில் ஏறத்தாழ 3.1 கோடி, மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி. "மதுவைக் கடைவைத்து விற்றுக்கொண்டு, அதனினும் குறைவாகக் கொல்லும் ஒன்றுக்குச் சிறைவைப்பது என்ன நீதி? சிறைக்குப் போவோர் யார்? கூலிக்காரனும் சேரிப் பிள்ளையும் அல்லவா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு நம்மிடம் மறுப்பில்லை. நம் தெருவில் நாம் கண்டதும் அதுவே.

ஆயினும், மற்றொன்றையும் நாம் கண்டோம். நாம் மூன்றாம் ஷிப்டில் கதிர் இயந்திரத்தண்டை நின்ற காலத்தில், பக்கத்து இயந்திரத்தில் நின்ற தோழர் நள்ளிரவுக்கு முன் சிலும்பி இழுத்துவிட்டு வருவார். இழைகள் வரிசையாய் அறுந்து பஞ்சு பறந்துகொண்டிருக்கும். அவர் கண் அவற்றைக் காணாது. மேஸ்திரி வருமுன் நாமே ஓடி அவர் பக்கத்து இழைகளையும் ஒட்டுவோம். பல மாதம் இப்படிச் செய்தோம். அதனைக் கருணை என்று அப்போது எண்ணினோம். ஒருநாள் அவரைக் கேட்டபோது, "இந்த இரைச்சலுக்கும் எனக்கும் நடுவிலே ஒரு சுவர் வேண்டும், அண்ணே" என்றார். அச்சுவர் ஆண்டுதோறும் தடித்தது. இரைச்சலோடு அவர் மனைவியின் குரலும், பிள்ளைகளின் குரலும் அதற்கப்பால் போய்விட்டன. மிதமாகக் கொள்வோர்க்குத் தீங்கில்லை என்று அறிக்கை எழுதியவர் எவரும் நம் தோழரோடு மூன்றாம் ஷிப்டு நின்றவரல்லர். இளம் வயதிலேயே தொடங்கி நாள்தோறும் கொள்வோர்க்கு நினைவும் கவனமும் கெடும் என்றும், சித்தக்கலக்கத்துக்கு ஏதுவாகும் என்றும் இன்றைய மருத்துவமும் எச்சரிக்கிறது.

இது நிற்க. பகவான் புத்தரின் தம்மம் இவ்விஷயத்தில் எவ்வழி காட்டுகிறது?

ஐந்தாம் சீலத்தின் காரணச்சொல் பமாதம் என்பது. விழிப்பின்மை என்று பொருள். பொருளின் பெயர் எதுவாயினும், விழிப்பைக் கெடுப்பது எதுவோ அதினின்று விலகுதலே சீலம். ஆகவே, கஞ்சா கள்ளல்லவே என்று வாதிடுவார்க்கு இடமில்லை. ஆனால் அன்பர்காள், சீலம் என்பது ஒருவன் தானே விரும்பி ஏற்கும் பயிற்சி. அரசன் தடிகொண்டு ஏற்பிப்பதன்று.

இவ்விதி பிறந்த வரலாற்றைப் பாருங்கள். சாகதர் என்னும் பிக்கு கொடிய நாகத்தை அடக்கியவர். கோசாம்பி நகரத்து உபாசகர்கள் அவர்மீது கொண்ட அன்பினால் வீடுதோறும் மதுவைத் தயாரித்து வைத்துக் கொடுத்தனர். அவர் அருந்தி நகர வாயிலில் விழுந்தார். பகவான் அவரைத் தூக்கி வரச்செய்து, நாகத்தை அடக்கிய இவர் இப்போது ஒரு நீர்ப்பாம்பையேனும் அடக்க வல்லரோ என்று சங்கத்தைக் கேட்டு, மது அருந்தலாகாது என விதித்தார். அவ்விதியை மீறிய பிக்குவுக்கு விலக்கோ தண்டமோ இல்லை. தன் பிழையை மற்றொரு பிக்குவிடம் ஒப்புக்கொண்டு திருந்துவதே கழுவாய். துறவிக்கே இவ்வளவெனில், சட்டைப்பையில் பொட்டலம் வைத்த கூலிக்காரப் பிள்ளைக்குச் சிறை எங்ஙனம் தருமமாகும்? சிறை அவன் மயக்கத்தைத் தெளிவித்ததா? தையல் இயந்திரத்தையே கொண்டுபோயிற்று.

இதனைக் கேட்டதும், "அப்படியாயின் அரசே விற்கட்டும்" என்போர் மகிழ வேண்டாம். அங்குத்தர நிகாயத்தில் உபாசகன் செய்யலாகாத வாணிபங்கள் ஐந்து கூறப்பட்டுள்ளன: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பன. அருந்துவோன் தன் விழிப்பைக் கெடுக்கிறான். விற்போனோ பிறர் விழிப்பின்மையைத் தன் பிழைப்பாக்குகிறான். எனவே விற்போன் நிலை தாழ்ந்தது. தனி மனிதனுக்கு ஆகாத வாணிபம், மனிதரெல்லாம் கூடிய அரசுக்கு மட்டும் எவ்வாறு ஆகும்? குடியரசில் அரசு என்பது நாமேயன்றோ? அக்கடையின் கல்லாவில் நம் கையும் இருக்கும்.

வரியால் நன்மை செய்யலாமே என்பர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 சனவரி முதல் நாள் கடை விற்பனை தொடங்கியது. அதன் தீர்வையில் ஒரு பங்கு பள்ளிக்கூடக் கட்டிடங்களுக்கென ஒதுக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: மயக்கம் குறைந்தால் பள்ளிக்கூடத்தின் பணமும் குறையும். ஒரு கையால் பழக்கத்தை விடு என்று கூறும் அரசு, மறு கையால் விடாதே என்று வேண்டிக்கொள்ளும். மதுவரி இல்லையேல் சம்பளம் கொடுக்க வழியில்லை என்று மாநில அரசுகள் சொல்வதை நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? நம் அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மருத்துவத்துக்கன்றி மதுவும் தீய போதைப்பொருள்களும் கொள்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டுகிறது. கருவூலத்தின் பசி அப்பிரிவை ஏட்டளவில் நிறுத்திவிட்டது.

பௌத்த நாடாகிய தாய்லாந்தின் அனுபவமும் நமக்குப் பாடம். 2022 சூன் மாதம் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலினின்று நீக்கியது. மருத்துவத்துக்கு என்றே பேச்சு. ஆயினும், முறையான சட்டம் இயற்றப்படுமுன் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 சூன் மாதம் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மீண்டும் கட்டுப்படுத்த நேர்ந்தது. கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை. வாணிபம் உள்ளே புகுந்தபின் மூடுவது எளிதன்று.

செடியின்மீது நமக்குப் பகையில்லை. வினயத்தில் சீவர ஆடைக்கு இசைந்த ஆறு வகை இழைகளுள் பங்கம் எனப்படும் இச்செடியின் நாரும் ஒன்று. பஞ்சும் நூலும் தொட்டு வாழ்ந்த நமக்கு அது மகிழ்ச்சி தருகிறது. பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாத நோயால் வருந்தியபோது மது சிறிது கலந்து காய்ச்சிய எண்ணெயைப் பகவான் அனுமதித்தார். சிலர் மதுவை மிகுதியாகக் கலந்து மயங்கவே, மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவே கலக்கலாம் என வரம்பு கட்டினார். மருந்துக்கு அனுமதி, மயக்கத்துக்கு வரம்பு. உத்தராகண்ட அரசு 2018இல் போதைச்சத்து மிகக் குறைந்த நார்ச்செடிக்கு உரிமம் வழங்கியதும், இமாசலப் பிரதேசம் மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடுவது குறித்து ஆராய்வதும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றை நாம் எதிர்க்கவில்லை. மருந்தின் பெயரால் மயக்கக் கடை திறவாதிருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆகவே நம் முடிவு இது: கொள்வோனைச் சிறையிலடைத்தல் ஆகாது; கொள்வதை அரசு வாணிபமாக்குதலும் ஆகாது. "அப்படியானால் கள்ளச்சந்தை ஒழியாதே" என்று கேட்பீர்கள். உண்மை, நம் வழியில் அக்குறை உண்டு, மறைக்கமாட்டோம். அதற்குத் தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரம் ஒரு விடை தருகிறது. நாட்டில் திருட்டு மிகுந்தபோது, கொலையாலும் சிறையாலும் அது ஒழியாது, எஞ்சியோர் மீண்டும் செய்வர். உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்குக் கூலியும் கொடு என்று அரசனுக்கு அறிவுரை கூறப்பட்டது. மூன்றாம் ஷிப்டின் இரைச்சலையும், வேலையின்மையையும் அப்படியே வைத்துக்கொண்டு, தடையாலோ வரியாலோ மயக்கத்தை ஒழிப்போம் என்பது இழை அறுந்த இடத்தை விட்டுவிட்டுத் துணியின் ஓரத்தைத் தைப்பதாகும்.

இன்னொரு செய்தியையும் அன்பர்கள் மனங்கொள்ள வேண்டும். இன்றைய சட்டத்திலேயே 64அ என்னும் பிரிவின்படி, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கினின்று விலக்குப் பெறலாம். நம் இளைஞனுக்கு இதனைச் சொன்னவர் ஒருவருமில்லை, நாமும் அறிந்திருக்கவில்லை. அறியாமை நம் குற்றம். இனி நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் இதனைச் சொல்லக் கடவர்.

காவிரிப்பூம்பட்டினத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்கோட்டத்துள் புகுந்து பசித்தோர்க்கு உணவளித்தாள். மன்னன் வியந்து, வேண்டுவது யாதெனக் கேட்டபோது, அவள் பொன் கேட்கவில்லை. சிறையை அறக்கோட்டமாக்குக என்றாள். சிறையை அங்காடியாக்குக என்றும் அவள் கேட்கவில்லை. தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு இதனினும் தெளிவான வழிகாட்டி வேறு வேண்டுவதில்லை.

அடுத்த பௌர்ணமியில் அவ்விளைஞனுக்கு நாம் சொல்லவிருப்பது இதுவே: "தம்பி, உன் சட்டைப்பையில் இருந்தது உனக்குத் தீங்கு, ஆயினும் அது சிறைக்குரிய குற்றமன்று. நாளை அரசு அதை விற்றாலும் அது உனக்கு நன்மையாகிவிடாது. விற்கும் அரசுதான் உன்னினும் தாழ்ந்துவிடும். அரசு எதைத் திறந்தாலும் எதை மூடினாலும் உன் விழிப்பு உன்னிடமே இருக்கட்டும்." அதோடு நிற்கமாட்டோம். அவன் தாய்க்கு ஒரு பழைய தையல் இயந்திரம் வாங்க நம் கூட்டத்தில் உண்டியல் வைத்திருக்கிறோம். அன்பர்கள் இயன்றதை இடுக.