வாங்கிய கை கணக்குக் கேட்குமா?



தேர்தல் வந்தால் வாக்குக்குப் பணமும் வருகிறது. "நம்மிடம் கொள்ளையடித்த பணந்தானே! வாங்கிக்கொண்டு மனச்சாட்சிப்படி வாக்களித்தால் என்ன குற்றம்?" என்று நல்லவர்களே கேட்பதுண்டு. நியாயம்போல் தோன்றும் இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, அவ்வூர்ச் சபைக்கு ஏற்பட்ட விதிகளை அங்குள்ள கோயிற் சுவரில் இன்றும் காணலாம். 30 குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தார்கள். பதவி ஒரு வருஷத்துக்கு மட்டுமே. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. அது நிலமுள்ள பிராமணர் சபை. பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அதில் இடமிருக்கவில்லை. ஆயினும் ஓர் உண்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள்: அதிகாரம் நல்லவனையும் கெடுக்கக்கூடும். ஆகையால் அவன் குணத்தை மட்டும் நம்பாமல், தவணையும் கணக்கும் வைத்தார்கள்.

இன்று கணக்குக் கேட்கவேண்டியவர் யார்? வாக்காளராகிய நாமே. அந்த உரிமையைத்தான் பணம் கொடுப்பவன் விலைக்கு வாங்குகிறான். 2016-ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி தொகுதிகளிலும், 2017-ல் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019-ல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவினால் தேர்தலே ரத்தாகி, பிறகு புதிதாக நடத்தவேண்டியதாயிற்று.

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம். முதலாவது, கொள்ளைபோனது ஊர்ப் பொதுச்சொத்து; அதில் ஒரு பங்கைத் தனியே மடியில் முடிந்துகொள்ள நமக்கு உரிமை ஏது? இரண்டாவது, ஒருவனிடம் வாங்கி மற்றவனுக்கு வாக்களிப்பது, அவன் திருட்டோடு நம் பொய்யையும் சேர்ப்பதாகும். மூன்றாவது, கொடுத்தவன் தர்மம் செய்யவில்லை. சாலையிலும் சாக்கடையிலும் குடிநீர்க் குழாயிலும் அதைத் திரும்ப எடுப்பான். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மழைநீர் வீட்டுக்குள் புகுந்த நாளில் நீங்கள் அவனிடம் முறையிடப் போனால், "உனக்குச் சேரவேண்டியது அன்றே சேர்ந்துவிட்டதே" என்பான். அப்போது என்ன பதில் சொல்வீர்கள்?

சட்டமும் கொடுப்பவன், வாங்குபவன் இருவரையுமே குற்றவாளிகளாகக் கருதுகிறது; ஓராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உலையில் போட அரிசியின்றி வாங்கிய ஏழையின் குற்றமும், கோடிகளை இறைத்தவனின் குற்றமும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆயினும் சிறிய குற்றமும் குற்றமே. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், வாக்கு என்பது விற்கும் சரக்கு என்று கற்றுக்கொள்வார்கள்.

ஆகையால், கதவைத் தட்டுகிறவனிடம் மரியாதையாக "வேண்டாம்" என்று சொல்லுங்கள். அதோடு நின்றுவிடவும் வேண்டாம். பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வசிப்பவர்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்குப் போய், வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாநகராட்சியில் வசிப்பவர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். ஒன்றும் வாங்காதவர் கூச்சமின்றிக் கேட்கலாம்.